எண்ணெய் மடத்து மதியக் கஞ்சி

என் மாமி கொம்பறையிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அதில் பாதி உண்மை. கொம்பறை என்பது நெல் கொட்டி வைக்க எங்கள் பக்கத்தில் முற்றத்தில் கட்டும் கூடு. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நெல் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் ஏணி வைத்து ஏறித்தான் எட்டிப் பார்க்க வேண்டும். மருமகள் நெல்லை அள்ளித் தாய்வீட்டுக்கு அனுப்புகிறாள் என்ற சந்தேகத்தில் மாமி ஏணியில் ஏறினார். நான் அனுப்பியதும் உண்மைதான். ஒரே ஒரு மூட்டை. ஏணியை மட்டும் நான் தொடவில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். என் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். என்னை உடையார்கட்டுப் பக்கத்தில் ஒரு பழைய வன்னிக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். வீட்டில் என் கணவர், அவருடைய தாயான மாமி, நான் என்று மூன்று பேர். அதில் பேசுவது மாமி மட்டும். விடியற்காலையில் கோழிக்கு முன்னால் தொடங்குவார். நான் வைத்த குழம்பு, நான் பின்னிய தலை, எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பு, என் தகப்பனின் மூக்கு, ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். நாலு வருடமாக நான் அம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த வாய் கொஞ்ச நாளைக்கு மூடியிருக்க வேண்டும். அம்மன் அதைக் கொடுத்தாள். அவள் கொடுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் காலை வெட்டிப்போடுவார்கள் என்று மாமி ஒரே பிடியாக நின்றார். அதனால் எண்ணெய் மடத்துக்குக் கொண்டு போனோம். அது இருந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இப்போது எனக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது. முன்னொரு காலத்தில் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் தங்கிய மடம் அது. பிறகு முறிவு வைத்தியம் செய்யும் பரியாரியார் ஒருவர் அதை எடுத்து, எலும்பு முறிந்தவர்களைக் கிடத்தும் இடமாக்கியிருந்தார். காட்டோரத்தில் நீளமான ஒரே மண்டபம். உயரமான ஓட்டுக் கூரை. இரண்டு வரிசையில் பதினாலு கட்டில். அரை மைல் தூரத்திலேயே எண்ணெய் மணக்கும்.

வண்டிலில் வைக்கோல் பரப்பி மாமியைக் கிடத்திக் கொண்டு போனோம். வழி முழுக்க வசவு.

"மெல்லப் போவன்ரா. இது உன்ர பெண்டில் சொல்லித்தந்த வேகமோ?"

"நான் இன்னும் கெதியாப் போகச் சொன்னனான் மாமி. அவர்தான் கேக்கேல்லை" என்றேன்.

"கேட்டியே இவளின்ர வாயை" என்று மாமி மகனிடம் முறையிட்டார். அதற்குப் பிறகு கனநாளைக்கு எனக்கு அவரிடமிருந்து ஒரு நல்ல வசவு கிடைக்கவில்லை.

பரியாரியார் கைகாரர். மாமியின் காலை இழுத்துப் பொருத்தி, மருந்துப் பத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். இரண்டு மாதம் கிடக்க வேண்டும் என்றார். உறவுக்காரர் கூட நிற்கக் கூடாது. நின்றால் நோயாளி அவர்களைப் பார்த்துப் பார்த்து அசைவார், எலும்பு விலகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் வந்து பார்க்கலாம். சாப்பாடு கொண்டு வரக் கூடாது. பத்தியம். மடத்துக் கஞ்சிதான். செவ்வாயும் சனியும் காலையில் அவர் வந்து கட்டுப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆயா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது கூடியவள், பக்கத்து ஊர்க்காரி, வெள்ளைச் சேலை, கொண்டையில் ஒரு மயிர் குலையாது.

முதல் வெள்ளிக்கிழமை நானும் கணவரும் போனோம். மண்டபம் கூட்டித் துடைத்துப் பளபளவென்று கிடந்தது. பதின்மூன்று பேர் படுத்திருந்தார்கள். காட்டுப் பக்கத்து யன்னலோடு இருந்த கடைசிக் கட்டில் மட்டும் வெறுமை. ஆனால் அதிலும் பாய் விரித்து, தலையணை தட்டி, பக்கத்தில் ஒரு தகரக் கஞ்சிப் பேணி கவிழ்த்து வைத்திருந்தது.

பதின்மூன்று பேர் எலும்பு முறிந்து கிடக்கிற இடத்தில் ஒரு முனகல் இல்லை. ஒரு இருமல் இல்லை. எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது. எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி" என்றேன்.

பதில் இல்லை. என்னோடு கோபம் என்று நினைத்தேன். திரும்பவும் "மாமி" என்றேன். கண்மணி மட்டும் என் பக்கம் வந்து நின்றது. வாய் இறுகியபடியே இருந்தது. மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் "ஓம்" என்றார். மூச்சை இறக்கி வைத்தது போல ஒரு ஓம்.

"என்ன மாமி, சாப்பாடு எப்பிடி?"

"கஞ்சி வருகுது."

"நல்லதோ?"

"வருகுது" என்றார், அவ்வளவுதான். என் குழம்பைப் பற்றி அரை நாள் கதைக்கக்கூடிய ஆள்.

திரும்பி வரும்போது என் கணவருக்கு நல்ல சந்தோஷம். "பாத்தியே, எவ்வளவு துப்பரவு. ஒரு சத்தம் சந்தடி இல்லை. அம்மாவுக்கே அடக்கம் வந்திட்டுது."

"உங்கடை அம்மாவுக்கு அடக்கம் வந்தால் நாங்கள் பயப்பிட வேணும்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து, அந்த அமைதியில் உலையை வைத்துக்கொண்டு இருக்கும்போது, ஆரோ பின்னால் நிற்பது போல இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு சூடடிப்பு வந்துவிட்டது. களத்தில் நெல்லைக் கிடத்திவிட்டு எங்கும் போக முடியாது. இரண்டு வெள்ளிக்கிழமை விட்டுத்தான் போனோம்.

மாமியின் கால் சிம்புக்குள் கழன்று கிடந்தது. கட்டுக் குலையவில்லை. கால்தான் மெலிந்துவிட்டது. போர்வையைச் சரிசெய்ய நான் தொட்டபோது, மூங்கில் சிம்பு அவர் காலைச் சுற்றித் தன்பாட்டில் உருண்டது. முகத்தில் கண்ணும் மூக்கும் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றக் கட்டில்களைப் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான். இரண்டு பேரைத் தவிர. ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பள்ளிக்கூடம் படிப்பித்த வாத்தியார், கை முறிந்தவர். மற்றவர் முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு வேதக்காரக் கிழவி, மாமிக்கு அடுத்த கட்டில். தோணி இடித்துக் கணுக்கால் முறிந்தவர், கையில் செபமாலை. இவர்கள் இரண்டு பேருக்கும் கன்னம் நல்ல உருட்சி.

"உங்கடை ஆச்சி சாப்பிடுறா இல்லை" என்றாள் ஆயா. "நான் கூப்பிடுறன். வாய் திறக்கிறா இல்லை. வயசு போனால் உப்பிடித்தான், பிடிவாதம்."

"ஏன் மாமி சாப்பிடேல்லை?"

"கஞ்சி வருகுது" என்றார் மாமி. கொஞ்சம் பொறுத்து, "வந்து போகுது" என்றார்.

ஆயா எங்கள் தலைமாட்டிலேயே நின்றாள். அவள் ஒருதரம் வாசல் பக்கம் திரும்பிய நேரம் வேதக்காரக் கிழவி என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, உன்ர மாமியாரை உயிரோடை கொண்டு போக விருப்பமோ?"

நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு வேறு ஒருநாள் என்றால் யோசித்துப் பதில் சொல்லியிருப்பேன்.

"விருப்பம் ஆச்சி."

"அப்ப ஒருநாள் மத்தியானத்திலை வந்து பார். சொல்லாமல் வா."

அடுத்த வாரம் நடுவில் என் கணவர் அந்த ஊர் மில்லுக்கு நெல் ஏற்றிக்கொண்டு போனார். நானும் வண்டிலில் ஏறிக்கொண்டேன். அவர் மில்லில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்க, கடைக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு மடத்துக்கு நடந்தேன். முன்வாசலால் போனால் ஆயா விட மாட்டாள். காட்டுப் பக்கத்தால் சுற்றிப் போய் அந்தக் கடைசி யன்னலுக்குக் கீழே நின்றேன்.

உச்சி நேரம். வன்னியில் பிறந்தவர்களுக்கு அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காற்று நின்றுவிடும். குரங்கு கூட வாயை மூடிக்கொண்டு மரத்தில் ஒட்டிக்கொள்ளும். நிழல் காலுக்குள் வந்து ஒளிந்துவிடும். இராத்திரியை விட இந்த நேரத்துக்குத்தான் அந்தக் காலத்துச் சனம் பயப்படும்.

"ஆச்சி."

குரல் எனக்குப் பின்னால், பாலை மரத்துக்குள்ளிருந்து வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். ஆரும் இல்லை. என் கழுத்தில் வேர்வை குளிர்ந்தது. "அப்பு." இப்போது மண்டபத்துக் கூரையிலிருந்து வந்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன்.

ஆயா முன்வாசலில் நின்றாள். உள்ளே ஒரு காலடி வைக்கவில்லை. கையில் வாளி, வாளிக்குள் அகப்பை. அங்கே நின்றே கூப்பிட்டாள். அந்த வெறும் சுவரிலும் கூரையிலும் மோதி, அவள் குரல் அவளை விட்டுக் கழன்று, வேறெங்கோ இருந்து வந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒருதரம்தான். "ஆச்சி." ஒரு மூச்சு விடுகிற நேரம். பதில் இல்லையென்றால் அகப்பையால் வாளியில் ஒரு தட்டு. அடுத்தது. "அப்பு."

கிழவர்களும் கிழவிகளும் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்கள். அகப்பை தட்டுப்படும்போது அவர்களுடைய தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. ஒருவர் கையால் தன் வாயைப் பொத்தியிருந்தார். என் மாமி சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் "ஓம்" என்றார். வேதக்காரக் கிழவி "இஞ்சை கொண்டா" என்றார். ஆயா அவர்களிடம் மட்டும் ஓட்டமாகப் போய் ஊற்றிவிட்டு ஓட்டமாகத் திரும்பினாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். வாளி நிறையக் கஞ்சி இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் மாமியின் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு. காட்டில் தேன் எடுக்கப் போகிறவர்களும், மாடு பார்க்கப் போகிறவர்களும் பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கியதுமே சொல்லிக்கொடுப்பது. உச்சி நேரத்தில் ஒரு குரல் கூப்பிட்டால் பதில் சொல்லாதே. மனிதர் என்றால் மூன்றுதரம் கூப்பிடுவர். காட்டில் திரியும் பேயான கறுப்பு ஒருதரம்தான் கூப்பிடும். அதற்கு "ஓம்" என்று சொல்லிவிட்டால் அதனோடு போக வேண்டியதுதான். கலியாணம் கட்டிவந்த புதிதில் நான் வேண்டுமென்றே மத்தியானத்தில் ஒருதரம் மட்டும் மாமியைக் கூப்பிட்டுவிட்டுச் சிரித்திருக்கிறேன். மாமி அகப்பைக் காம்பால் அடித்தார்.

உள்ளே போனேன். மாமியின் கட்டிலில் இருந்து, அவருடைய கையைப் பிடித்து, "மாமி, மாமி, மாமி" என்றேன்.

"ஓம்" என்றார். வாயிலிருந்து சேலைத் தலைப்பு விழுந்தது.

"உங்களுக்கு விசரே? கஞ்சிக்குத்தானே அவள் கூப்பிட்டவள்."

"அவளெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"நான் யன்னலாலை பாத்தனான்."

"நீ பாத்தனி. நான் கிடக்கிறன். எனக்குக் கூரைதான் தெரியும்." மாமி கண்ணால் கடைசிக் கட்டிலைக் காட்டினார். "அந்த மனுசனும் கஞ்சி எண்டுதான் நினைச்சது. அண்டைக்கு ஆயா குசினிக்கை கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிண்டவள். இஞ்சை ஆரும் இல்லை. 'அப்பு' எண்டு ஒருக்காக் கேட்டுது. எங்கள் எல்லாருக்கும் கேட்டுது. மனுசன் 'ஓம், இஞ்சை' எண்டிட்டுது. மூண்டாம் நாள் செத்துப்போட்டுது."

"வயசு போன மனுசன் மாமி."

"தோளெலும்பு முறிவு. தோளெலும்பிலை ஆர் செத்தவை?"

வேதக்காரக் கிழவி பேணியை வழித்துக் குடித்தபடி சொன்னார். "நானும் சொல்லிப் பாத்திட்டன் பிள்ளை. கேக்கினமில்லை. காலமை வெறுந்தேத்தண்ணி, பின்னேரம் ஒரு துண்டுப் பாண். அது ரெண்டையும் கட்டிலடியிலை வைச்சிட்டுப் போறவள். அதாலைதான் இவ்வளவு நாளும் உசிர் கிடக்கு."

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"எங்களை அதுக்குத் தெரியாது. ஞானஸ்நானம் எடுத்தாக்களின்ர பேர் அதிட்டை இல்லை."

நான் பின்பக்கம் போனேன். ஆயா தன் ஆடுகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கியிருந்தாள். நாலு ஆடு. நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் கொழுத்த ஆடுகளைப் பார்த்ததில்லை.

"ஏன் ஒருதரம் மட்டும் கூப்பிடுறாய்?" என்று கேட்டேன். "நீயும் இந்தப் பக்கத்தாள்தானே. அதுகள் பதில் சொல்லாதுகள் எண்டு உனக்குத் தெரியும்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளிறிப்போனது.

"மூண்டுதரம் கூப்பிட்டுத்தான் குடுத்தனான், தங்கச்சி. அந்த அப்பு செத்து எட்டாம் நாள் சடங்கு கழிஞ்ச பிறகும் குடுத்தனான். கட்டில் கட்டிலாப் போய். ஒருநாள் பழக்கத்திலை கடைசிக் கட்டிலடியிலையும் நிண்டு மூண்டுதரம் கூப்பிட்டிட்டன்."

"ஓ?"

"'ஓம்' எண்டு கேட்டுது."

ஒரு ஆடு வாளிக்குள் தலையை விட்டது. நான் அதைத் தள்ளிவிட்டேன்.

"அதுக்குப் பிறகு உச்சி நேரத்திலை என்னாலை உள்ளுக்குப் போகேலாது. வாசலிலை நிண்டு ஒருதரம் கூப்பிடுவன். பதில் வந்தால் மனுசரோ எண்டு பாத்துக் குடுப்பன். அந்தக் கட்டிலைக் கலைக்கவும் பயம். பாயைச் சுருட்டினால் தன்னைக் கலைக்கிறம் எண்டு நினைச்சிடும்."

"பரியாரியாருக்குச் சொன்னனியே?"

"அவர் எலும்பைத்தான் பாக்கிறவர்."

இப்படித்தான் நடந்திருக்கிறது. உள்ளே கிடந்தவர்கள் அவளுடைய குரலைக் கறுப்பின் குரல் என்று நினைத்தார்கள். அவள் உள்ளேயிருந்து வரும் பதிலுக்குப் பயந்தாள். நடுவில் ஆடு கொழுத்தது. அவள் சொன்ன பயம் பொய்யென்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் பயத்தை அவள் கெதியாக மாற்ற விரும்பியிருக்க மாட்டாள் என்றும் நினைத்தேன்.

வாளியைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். "மூண்டுதரம் கூப்பிடாதேங்கோ தங்கச்சி" என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள்.

மாமிக்கு முதலில் கொடுத்தேன். பிறகு ஒவ்வொரு கட்டிலாகப் போனேன். "அப்பு, அப்பு, அப்பு." மூன்றாவதுக்குப் பிறகு "ஓம் பிள்ளை" என்று வரும். பால்குடிப் பிள்ளையின் குரல் மாதிரி இருக்கும். தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்குவேன். ஒரு கிழவி குடித்து முடித்த பிறகும் என் கையை விடவில்லை. ஒருவர் கஞ்சியோடு சேர்த்து அழுதார். மண்டபத்தில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. குனிவது, கூப்பிடுவது, ஓம் என்றதும் ஊற்றுவது. ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வாளியையும் பேணியையும்தான் பார்த்தேன். கவிழ்த்து வைத்த பேணியை நிமிர்த்தி, "அப்பு, அப்பு, அப்பு" என்றேன். "ஓம்" என்றது. ஊற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினேன்.

அடுத்த கட்டில் இல்லை. சுவர் இருந்தது.

சுவரில் ஒரு பல்லி. நான் அந்தப் பல்லியையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்தில் யன்னல் வெயில் விழுந்திருந்தது. அந்த வெயிலுக்குள்ளும் ஒரு குளிர். பல்லியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் நண்டு போல நடந்து மாமியின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, நிறுத்த முடியவில்லை. கிழவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்துக் கட்டில் கிழவர் இன்னும் ஒரு பேணி வேண்டும் என்று ஓம் சொல்லியிருக்கலாம். பசியில் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். நான் அவரிடம் கேட்கவில்லை.

மில்லுக்கு ஓடிப் போய் என் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வண்டிலை வாசலில் விட்டுவிட்டு அவர் தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பரியாரியார் இன்னும் ஒரு மாதம் கிடக்க வேணுமெண்டவர். இப்ப தூக்கினால் எலும்பு விலகும். கால் கோணிப்போம்."

"இஞ்சாருங்கோ, ஒரு மாதம் கிடந்தால் கால் நல்லாப் பொருந்தும். கால் மட்டும்தான் மிஞ்சும்."

"விசர்க்கதை கதையாதை. எல்லாரும் இஞ்சைதானே கிடக்கினம்."

"நீங்கள் அந்த மூங்கிலைக் கையாலை ஒருக்கா உருட்டிப் பாருங்கோ."

அவர் குனிந்து சிம்பைத் தொட்டார். அது உருண்டது. அவர் கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தாயை வைக்கோல் கட்டைத் தூக்குவது போலத் தூக்கினார். அவ்வளவு லேசாக இருந்தார் மாமி. தூக்கியபோது எலும்பு நொடித்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. மாமி பல்லைக் கடித்தார். "போ" என்றார் மகனிடம்.

நான் வேதக்காரக் கிழவியிடம் போனேன். அவர் கைத்தடியோடு எழும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"ஆச்சி, நீங்கள்தானே பயமில்லாத ஆள். நீங்கள் மூண்டுதரம் கூப்பிட்டுக் குடுப்பியளோ?"

"குடுப்பன். கடைசிக் கட்டிலுக்கும் வேணுமோ?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

நான் அப்போதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேதக்காரக் கிழவிதான் எட்டிப் பார்த்தார். "பேணி வெறுமையாக் கிடக்கு" என்றார். பின்பக்கக் கதவு திறந்திருந்தது. ஆடு வந்து குடித்திருக்கலாம். ஆட்டுக்கு ஓம் சொல்லத் தெரியுமா என்பது வேறு கதை.

அந்தக் கிழவி வீட்டுக்குப் போகும்வரை, மூன்று வாரம், அவர்தான் கஞ்சி கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் போன பிறகு மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பரியாரியாருக்கு என் கணவர் ஆளனுப்பி விஷயத்தைச் சொன்னார். கட்டை அவிழ்க்க முன்னம் கொண்டு போனதற்குத் தான் பொறுப்பில்லை என்று மட்டும் பதில் வந்தது.

வண்டில் காட்டு வழியால் போகும்போது நான் மாமியின் காலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி வழி வரை அவர் பேசவில்லை. பிறகு, மகனுக்குக் கேட்காமல், மெல்லிய குரலில் கேட்டார்.

"அந்த மனுசனுக்கும் குடுத்தனியோ?"

எந்த மனுசன் என்று நான் கேட்கவில்லை.

"குடுத்தனான் மாமி."

"குடிச்சுதோ?"

"பேணி வெறுமையாம்."

மாமி கண்ணை மூடினார். அந்த மடத்துக்குப் போன நாளிலிருந்து அவர் பகலில் கண் மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அதுக்கும் பசிதானே" என்று சொல்லிவிட்டு நித்திரையாகிப் போனார். எனக்கு வீடு வரை முதுகு கூசிக்கொண்டிருந்தது. வண்டிலின் பின்பக்கம் நான் இருந்தேன். பின்னால் வழி வெறுமையாகக் கிடந்தது. நான் எத்தனையோ தரம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் கிடத்தினோம். முதல் வாரம் கஞ்சி, இரண்டாம் வாரம் குழைசோறு, பிறகு மீன் தீயல். வைகாசியில் சுவரைப் பிடித்து எழும்பினார். கால் இரண்டு விரற்கடை குறைந்து, வெளிப்பக்கம் கோணிப் பொருந்தியிருந்தது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் அந்தக் காலோடு முற்றத்தை அளந்தார். பத்து அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குவார். வயலுக்கு ஒருநாளும் போக முடியவில்லை. கோயிலுக்கு வண்டிலில்தான்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் காலைப் பார்த்து வாய்க்குள் சத்தம் எழுப்புவார்கள். விசுவமடுவிலிருந்து வந்த என் கணவரின் ஒன்றுவிட்ட தமக்கை ஒருநாள் நேராகவே கேட்டார். "பரியாரியார் நல்லாத்தானே கட்டினவராம் மாமி. பிறகெப்பிடி இப்பிடிப் போனது?"

நான் அடுப்படியில் நின்று காதைக் கொடுத்தேன்.

"இந்தா நிக்கிறாளே, யாழ்ப்பாணத்தாள். இவள்தான்" என்றார் மாமி. "பொறுக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து என்ர காலைக் கெடுத்தவள்." பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினார். "பாத்துக்கொண்டு நிக்கிறாய். இன்னும் ஒரு அகப்பை போடன்."